இடது பக்கத்து முகம்

குலசேகரன் சார் மேடைமேல் ஏறி நாற்காலியைத் திருப்பிப் போட்டபோதே, அவர் எந்தப் பக்கத்தை மறைக்கப் போகிறார் என்று இசக்கியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக மாடலாக உட்காரும் பெரியவர் பேத்தி காதுகுத்துக்குப் போய்விட்டார். வகுப்பை விட்டுவிடுவார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, "நானே உக்காந்துடறேன்" என்று சொல்லிவிட்டார் சார். முகவாதம் வந்து நீண்ட விடுப்பில் போயிருந்தவர், திரும்பி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வலது பக்கம் வகுப்பைப் பார்க்க, இடது பக்கம் சுவரைப் பார்க்க உட்கார்ந்தார். சொல்லிவைத்தாற்போல் இறுதியாண்டு வகுப்பு மொத்தமும் ஈசல்களைத் தூக்கிக்கொண்டு வலது பக்கமாக நகர்ந்தது. ஈசல். முதல் வருஷம் இந்தச் சொல்லைக் கேட்டபோது அவளுக்கு மழைக்குப் பிறகு விளக்கடியில் சிறகுதிர்த்துக் கிடக்கிற ஈசல்தான் நினைவுக்கு வந்தது, படம் மாட்டும் மரச்சட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரிடமும் கேட்காமலே இருந்துவிட்டாள். இப்போது அவள் தன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, மேடைக்கும் சுவருக்கும் நடுவே, தூரிகை கழுவும் தொட்டியை ஒட்டி இருந்த இடுக்கில் போய் நின்றாள். விடுதித் தோழி பெனிட்டா வலது பக்கத்திலிருந்தே கண்ணை உருட்டி, வேண்டாம், வந்துவிடு என்று தலையை ஆட்டினாள். பார்க்காத மாதிரி இசக்கி தாளைக் கிளிப்பில் மாட்டினாள். சார் கழுத்தைத் திருப்பாமல், "அங்க வெளிச்சம் வராதேம்மா" என்றார். "பரவால்ல சார். நல்லாத் தெரியுது."

நல்லாத் தெரிகிறது. அந்தச் சொல்லை அவள் வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. சுவரின் வெள்ளை வெளிச்சம் பட்டு அந்தப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. புருவம் தன் இடத்தைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. நெற்றியில் மறுபக்கம் இருக்கும் கோடுகள் இந்தப் பக்கம் வந்ததும் நின்றுபோய், தோல் இஸ்திரி போட்டது போல் வழவழவென்று கிடந்தது. கண் மூடவில்லை. மூட முயலும்போதெல்லாம் கருவிழி மட்டும் மேலே போய், கீழே வெள்ளை ஒரு கீற்றாகத் தெரிந்தது. கன்னம் தொங்கி, கடைவாய் தொங்கி, அந்த ஓரத்தில் ஈரம். எத்தனை தடவை வேண்டிக்கொண்டிருப்பாள். அவருக்கு இப்படி வரவேண்டும் என்று வேண்டியதில்லை, அவ்வளவு தூரம் அவள் போகவில்லை, அல்லது போனாளா, போயிருந்தால்தான் என்ன. விடுதிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஒரு நாள் நீங்க அங்க உக்காரணும் சார், நான் இங்க நிக்கணும் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவருக்கு முகவாதம் என்று செய்தி வந்த அன்று விடுதியில் பெனிட்டா செபமாலை சொன்னாள். இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், ஆமென் சொல்லவில்லை.

கரித்துண்டை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளவெடுத்தாள். நெற்றியிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து தாடை. அளவெடுக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், அந்த முதல் வருஷம், இதே மேடை. முறை போட்டு மாணவர்களையே உட்கார வைப்பார்கள். அவள் முறை வந்த அன்று, தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஊரிலிருந்து கொண்டுவந்ததிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அதுவரை யாரும் அவளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்ப்பார்கள், உடனே பார்வையை மாற்றிக்கொள்வார்கள், அதுதான் பிறந்ததிலிருந்து அவளுக்குப் பழக்கம். சார் கையில் ஒரு பிரம்பு வைத்திருந்தார். மேடைக்கு வந்து அதன் நுனியை அவள் மேலுதட்டுக்கு விரலகலம் தள்ளி நிறுத்தினார். "இங்க பாருங்க. மூக்குலேருந்து உதட்டுக்கு வர்ற இந்தக் கோடு நேரா வரல. தையல் போட்ட இடத்துல உதடு மேல இழுத்துக்கிட்டு நிக்குது. மூக்குத் துளை ஒண்ணு சப்பை. அழகான முகத்தைப் போட்டு நீங்க ஒண்ணும் கத்துக்க முடியாது. இந்த மாதிரி முகம் கிடைச்சா விட்டுடாதீங்க." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பாள். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, கண்ணைச் சுருக்கி, அவள் உதட்டைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். போஸில் இருக்கும்போது அசையக் கூடாது. கையைக் கொண்டுபோய் வாயை மூடிக்கொள்ளக் கூடாது. கிடைச்சா. அந்தச் சொல்லைத்தான் அவளால் தாண்டிப் போக முடியவில்லை. சந்தையில் வஞ்சிரம் கிடைச்சா விட்டுடாதீங்க. மழைக்காலத்தில் காளான் கிடைச்சா. முகம் கிடைச்சா. தெருவில் கிடந்து இவர் கண்ணில் பட்டது மாதிரி.

அன்று வகுப்பு முடிந்ததும் எல்லாப் படங்களையும் சுவரில் குத்தினார்கள். சுவர் முழுக்க அவள். முழுக்க அந்த உதடு. கண் சரியாக வராதவன்கூட, காதை எங்கோ கொண்டுபோய் வைத்தவள்கூட, உதட்டைச் சரியாகப் போட்டிருந்தார்கள். ரியாஸ் தன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான், மாடல் நம்ம இசக்கி என்று எழுதி, ஒரு இதயமும் போட்டு. கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு. யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அம்மாவுக்கும் யாரோ அதை அனுப்பிவிட்டார்கள். ராத்திரி அம்மா போன் பண்ணினாள். "நீ அங்க படம் வரையத்தான போன, ஒன்னிய எதுக்குட்டி வரையுதாவ?" என்றாள். கிரகணத்தன்று வயிற்றோடு முற்றத்தில் நின்றதாக ஊர் சொன்ன பழியைச் சுமந்த அம்மா. நிற்கவே இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் படுத்திருந்தேன் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் சொல்லிக்கொண்டிருக்கிறவள். பிறவியிலேயே பிளந்திருந்த உதட்டையும் அண்ணத்தையும் தைத்த பிறகு 'ப' வராமல் மூக்கால் காற்றுப் போன பிள்ளையை மடியில் வைத்து, சொல்லுட்டி, பப்பாளி, பம்பரம், பாப்பா என்று சொல்ல வைத்தவள். 'ப' வந்துவிட்டது. சிரிக்கும்போது மட்டும் கையை வைத்து மறைத்துக்கொள் என்றாள், அதையும் இசக்கி கற்றுக்கொண்டாள். இப்போது சாருக்கு 'ப' வரவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் "எல்லாரும் ஃபாருங்க" என்றார். உதடு ஒட்டாமல் காற்று ஓரமாகப் போய்விட்டது. அவர் திரும்பவும் சொன்னார், திரும்பவும் அதேதான் வந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இசக்கி மட்டும் நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தாள். பப்பாளி சொல்லுங்க சார். பம்பரம் சொல்லுங்க.

தாளில் கோடு விழத் தொடங்கியிருந்தது. கை அவளைக் கேட்காமலே வேகமாகப் போனது. கடைவாயை இன்னும் கீழே இறக்கினாள், கண்ணை இன்னும் பிதுக்கினாள், கன்னத்தைக் கறுப்பால் குடைந்தாள். ஒரு வெறி. நன்றாக இரு, நன்றாக இரு என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியதில் கரித்துண்டு ஒடிந்தது. பின்னால் சாய்ந்து பார்த்தாள். பூதம். கட்டுகிற வீட்டில் திருஷ்டிக்காக மாட்டுவார்களே, நாக்கைத் தொங்கப் போட்ட அந்தப் பூதம். இதைப் பார்த்தால் சார் சிரிப்பார். பாதி முகத்தால் சிரிப்பார். பூதத்தைப் பார்த்து யாருக்கு நோகும். அவள் உதட்டை அன்றைக்கு யாரும் பெரிதாக்கிப் போடவில்லையே, இருந்தது இருந்தபடி போட்டார்கள், அதனால்தானே நொந்தது. கரியை அழிக்க வைத்திருந்த ரொட்டித்துண்டைப் பிசைந்து உருட்டி அழித்தாள். தாள் சாம்பல் பூத்துப்போயிற்று. முதலிலிருந்து தொடங்கவேண்டும், அவசரப்படாமல். தெரிஞ்சதைப் போடாதே, தெரியறதைப் போடு. யார் குரல் அது. அவர் குரல்தான், முகவாதத்துக்கு முந்திய, 'ப' நன்றாக வந்த காலத்துக் குரல். எரிச்சலாக வந்தது. அவரை அடிக்கக் கையை ஓங்கினால் அந்தக் கையும் அவர் கொடுத்ததாக இருக்கிறது. அளவெடுக்கிற கண், அழுத்தம் பழகிய விரல், நிழலுக்குள்ளும் வெளிச்சம் இருக்கும் தேடு என்கிற புத்தி, எல்லாம் இந்த மனுஷனிடமிருந்து வந்தவை. வந்தால் வரட்டும். அரிவாள் யார் பட்டறையில் அடித்தது என்று பார்த்துக்கொண்டா வெட்டுவார்கள்.

ஒரு ஈ வந்தது. தொட்டிப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது, மேடைக்குப் போய் அவர் கன்னத்தில் உட்கார்ந்து, ஈரம் இருக்கும் இடம் பார்த்து ஊர்ந்து, மூடாத அந்தக் கண்ணின் ஓரத்துக்குப் போனது. இமை துடிக்கப் பார்த்தது, முடியவில்லை. தலையை ஆட்டி விரட்டலாம். அவர் ஆட்டவில்லை. மாடலாக உட்கார்ந்தவர் அசையக் கூடாது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவர், இப்போது அசைந்தால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். வலது பக்கம் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 'சார், ஈ' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லாவிட்டால் கையை நீட்டி வீசிவிடலாம், எட்டுகிற தூரம்தான். இசக்கி சொல்லவில்லை. இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். அதுவரை கண்ணோரத்தைப் போடுவோம் என்று கண்ணோரத்தைப் போட்டாள். கீழிமை வெளிப்பக்கம் மடங்கி உள்ளே சிவப்பு தெரிவதை, அந்தச் சிவப்பைக் கரியால் எப்படிச் சொல்வது என்று யோசித்து, மெல்லிய சாம்பலாக விட்டாள். ஈ போய்விட்டது. அதற்குப் பிறகு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழுகை இல்லை அது, மூடாத கண் காய்ந்துபோய்த் தானாக வடிக்கிற நீர், அவளுக்குத் தெரியும், விடுதியில் கூகிளில் இதையெல்லாம் அவள் தேடிப் படித்திருக்கிறாள், ஒரு நாள் முழுக்கப் படித்திருக்கிறாள், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் பலருக்கு, சிலருக்கு ஆகாது என்று போட்டிருந்த இடத்தில் நின்று, சிலருக்கு, சிலருக்கு என்று விரலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனாலும் நீர் கன்னத்தில் இறங்கியபோது அவள் கை தாளைவிட்டு விலகி நின்றது. அதன் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

இடைவேளையில் அவர் மேடையிலிருந்து இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று டீ குடித்தார். கைக்குட்டையைக் கடைவாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சின்னச் சின்ன மடக்காக. மாடலாக உட்கார்ந்தால் முடியும்வரை படத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி, எந்தப் பக்கமும் வரவில்லை. பெனிட்டாதான் தொட்டியில் கை கழுவுகிற சாக்கில் வந்தாள். தாளைப் பார்த்தாள். "ஏய், என்ன பண்ணி வச்சிருக்க? அவர்தான் மார்க் போடணும்டி." "தெரியும்." "பாவம்டி அவரு." "வாய் இன்னும் போடல, பாரு" என்றாள் இசக்கி. உண்மைதான். எல்லாம் வந்துவிட்டது, வாய் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு அவள் வாயே போட்டதில்லை. பானை போட்டாள், வேப்பமரம் போட்டாள், படிக்கட்டு போட்டாள். தலை போடவேண்டி வந்தால் வாயிடத்தில் கரியை விரலால் தேய்த்துப் புகைமூட்டமாக விட்டுவிடுவாள். வாயை ஏன் விட்டுட்டே என்று ஒவ்வொரு தரமும் கேட்டு, ஒவ்வொரு தரமும் மதிப்பெண்ணைக் குறைத்தார் சார். ஒருமுறைகூட அவருக்குத் தோன்றவில்லை, ஏன் என்று. பெனிட்டா போன பிறகு பயம் வந்தது. மதிப்பெண் பயம் கொஞ்சம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று, நான் இப்போது அவர்தானே என்று. முகம் கிடைச்சா விட்டுடாதீங்க. எனக்குக் கிடைத்துவிட்டது, விட மாட்டேன் என்கிறேன். ஆனால் அவர் தெரியாமல் செய்தார், நான் தெரிந்து செய்கிறேன், எது மோசம். தெரியாமல் செய்ததுதான் மோசம், ஆயிரம் தரம் மோசம் என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, புதுக் கரித்துண்டை எடுத்தாள்.

அவர் திரும்ப வந்து உட்கார்ந்தார். இசக்கி வாயைப் பார்த்தாள். வாய் ஒரு கோடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கோடே இல்லை அங்கே. மேலுதட்டின் நிழல் கீழுதட்டில் விழுகிற இடம், அவ்வளவுதான். அந்த நிழல் நடுவரை இறுக்கமாக வந்து, அங்கிருந்து பிடி விட்டுப்போய், அகன்று, கீழே சரிந்து, ஒரு சின்னப் பள்ளத்தில் முடிந்தது. பள்ளத்தில் ஈரம் மினுங்கியது. உதட்டின் ஓரம் தளர்ந்து பாதி திறந்திருக்க, உள்ளே கீழ்ப்பல் ஒன்றின் விளிம்பு. அதையும் போட்டாள். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் விரல் தானாக ஒரு தரம் தன் மேலுதட்டுக்குப் போய், தையல் மேட்டைத் தடவி, அங்கே கரியை அப்பிவிட்டு வந்தது. இழுத்துப் பிடித்த தோலும் தொங்கவிட்ட தோலும் வெளிச்சத்தை வாங்குவதில் எவ்வளவு வித்தியாசம். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, இப்போதுதான் கண்டாள். கண்டதும் ஒரு சந்தோஷம் வந்தது, அவர்மேல் இருந்த கோபத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை. வாய் வந்துவிட்டது. அவருடைய வாய். தாளுக்குள் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்ததும் சார் இறங்கி, கழுத்தை நீவிக்கொண்டு, வலது கோடியிலிருந்து ஒவ்வொரு ஈசலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ரியாஸின் படத்தில் அவர் பழைய மிடுக்கோடு இருந்தார். பெனிட்டா வயதையே குறைத்துவிட்டிருந்தாள். "நல்லா வந்திருக்கு" என்றார். அடுத்ததிலும் "நல்லா வந்திருக்கு." போகப்போகக் குரல் தேய்ந்தது. எல்லாப் படத்திலும் நல்ல பக்கம், எல்லாப் படத்திலும் ஒரு குறையுமில்லாத மனிதர். பிறகு மேடையைச் சுற்றி அவளுடைய இடுக்குக்கு வந்தார். இசக்கி நகர்ந்து இடம் விட்டாள். இதற்காகத்தானே. அவள் தாளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். எங்கே முதலில் உடையும் என்று பார்த்தாள். அவர் குனிந்து தாளைப் பார்த்தார். திருத்தம் சொல்லும் பழக்கத்தில் விரல் தாளை நோக்கி எழுந்து, வாய்க்குக் கொஞ்சம் தள்ளி நின்று, கீழே இறங்கியது.

"இந்தப் பக்கத்த நான் இன்னும் முழுசாப் பாக்கல" என்றார். ப எல்லாம் காற்றாகப் போயின. "வீட்டுல கண்ணாடி முன்னால நின்னா, பாதியோட திரும்பிடறது. என் சம்சாரம்தான் இந்தப் பக்கம் உக்காந்து சோறு போடறா. அவ தினமும் இதைத்தான் பாக்கறா போல." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாய் போட்டுட்டே."

"ஆமா சார்."

"இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"குடுக்க மாட்டேன் சார்."

யாரோ கரித்துண்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். ஒரு கண் பார்த்தது, இன்னொன்று வெறுமனே திறந்திருந்தது. "ஏன்னு கேக்கலாமா?"

எத்தனை ராத்திரி ஒத்திகை பார்த்த பேச்சு. பிரம்பு, சுவர் முழுக்க உதடு, அம்மாவின் போன், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. "முதல் வருஷம் நான் அந்த மேடையில உக்காந்தேன். ஞாபகம் இருக்கா சார்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியின் பாதி சுருங்கியது. "எல்லாரும்தானேம்மா உக்காருவீங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. துளியும் இல்லை. அவள் இத்தனை நாளாக ராத்திரியும் பகலும் சுமந்து நடந்ததை அவர் அன்றைக்கே கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். ஒத்திகை பார்த்த பேச்சு அத்தனையும் அப்படியே நின்றுபோயிற்று. ஞாபகம் இல்லாதவரிடம் சொன்னால், அடடா என்பார், மன்னிச்சுக்கோம்மா என்பார், பாதி வாயால் சொல்லிவிட்டு இலேசாகிப் போவார். அந்த இலேசை அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமா சார். எல்லாரும்தான் உக்காந்தோம்" என்றாள். "நாளைக்கும் நீங்கதான் உக்காரணும். இன்னும் முடியல."

சார் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "சரி. நாளைக்கு நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கறேன். எல்லாருக்கும் தெரியட்டும், எல்லாரும் போடட்டும்."

"வேண்டாம் சார்" என்றாள் இசக்கியம்மாள். "நீங்க இன்னைக்கு மாதிரியே உக்காருங்க. இந்தப் பக்கத்த நான் மட்டும் போடறேன்."

அவர் தலையை ஆட்டினார். போகவில்லை, அங்கேயே நின்றார். அவர் நிற்கும்போதே அவள் கரித்துண்டை எடுத்து, ஒரு கண்ணை மூடி அவர் முகத்துக்கு நேரே நீட்டி அளவு பார்த்துவிட்டு, கடைவாய்ப் பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பை ஏற்றினாள்.